52 ஸ்தானங்களைப் பங்கு வைத்த துங்கு

நமது நாட்டின் முதலாவது பிரதம மந்திரி மர்ஹூம் துங்கு அப்துல் ரஹ்மான் புத்ரா அல்ஹாஜ் அவர்களை அறியாதவர் நம் சங்கத்தில் ஒருவரும் இருக்க முடியாது. 1957-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 31-ந் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் கையை உயர்த்தி நின்ற அவருடைய படம் பள்ளிக்கூடங்களிலும் கடைகளிலும் எத்தனையோ வருஷங்கள் தொங்கியிருக்கிறது. ஆனால் அந்தப் படத்திற்கு இரண்டு வருஷங்கள் முன்பு அவர் செய்த ஒரு காரியம் உண்டு. அதற்குப் படம் இல்லை. அதைச் செய்திராவிட்டால் இந்தப் படமும் அவ்வளவு சீக்கிரம் கிடைத்திராது என்பது நம் அபிப்பிராயம்.

2022-ம் வருஷம் நவம்பர் மாதம் 19-ந் தேதி நடந்த பொதுத் தேர்தலில் எந்த அணிக்கும் பெரும்பான்மை கிடைக்காமல், 24-ந் தேதிதான் பிரதம மந்திரி பதவியேற்றது நேயர்களுக்கு நினைவிருக்கும். அந்த ஐந்து நாட்களும் நம் கடைக்குச் சாமான் வாங்க வந்த வாலிபர்கள், கூட்டுச் சர்க்கார் என்பது இந்நாட்டிற்குப் புதிய சங்கதி என்று பேசிக்கொண்டார்கள். இந்நாட்டில் தேர்தலில் பிறந்த முதல் மந்திரி சபையே கூட்டு மந்திரி சபைதான் என்று நாம் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. கல்லாவில் இருந்துகொண்டு பேசியதை உட்கார்ந்து எழுதினால் என்ன என்று தோன்றிற்று.

துங்கு அவர்கள் 1903-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 8-ந் தேதி கெடாவின் தலைநகராகிய அலோர் ஸ்டாரில் பிறந்தார்கள். தகப்பனார் சுல்தான் அப்துல் ஹமீது ஹலீம் ஷா. தாயார் சே மென்யெலாரா சயாம் தேசத்து அதிகாரி ஒருவரின் மகள். பிள்ளைப் பிராயத்தில் பள்ளிக்கூடத்திற்குப் போகும்போது காலில் மண் படக்கூடாதென்று அரண்மனைச் சேவகர் தோளில் சுமந்து போவாராம். பாங்காக்கிலும், பிறகு பினாங்கு பிரீ ஸ்கூலிலும் படித்து, கெடா சர்க்காரின் உதவிச் சம்பளத்தில் இங்கிலாந்து சென்று, 1925-ல் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றார்கள்.

அங்கே அவர் அப்படியொன்றும் விழுந்து விழுந்து படித்ததாகச் சொல்வதற்கில்லை. வேகமாகக் கார் ஓட்டுவது, அபராதம் கட்டுவது, குதிரைப் பந்தயம், நடனம் என்று காலம் போயிற்று. பாரிஸ்டர் பரீட்சை எழுதத் தொடங்கியவர் அதை முடித்தபோது வயது நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. நடுவில் ஒரு பெரிய யுத்தமும் வந்து போய்விட்டது. நம் பிள்ளைகளுக்கு இவற்றை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர் வாயாலேயே சிரித்துக்கொண்டு சொல்லிவந்த சங்கதிகள்தாம் இவை.

ஆனால் கெடா சர்க்காரில் ஜில்லா அதிகாரியாக அவர் பார்த்த உத்தியோகம் வேறு விதமானது. கோலா நெராங் என்ற இடத்தில் மலேரியாக் காய்ச்சல் ஜனங்களை வாரிக்கொண்டு போனது. சதுப்பு நிலத்து நீரை வடிகட்டப் பணம் வேண்டுமென்று அவர் மேலிடத்தோடு மல்லாடினார்கள். அவருடைய முதல் மனைவியாரே அந்தக் காய்ச்சலில் காலமானார். 1941 டிசம்பரில் ஜப்பானியர் படை வந்தபோது அவர் கூலிமில் ஜில்லா அதிகாரி. வயோதிகரான சுல்தானை நாட்டை விட்டு அழைத்துப் போக ஏற்பாடாயிருந்தது. தம் ஜனங்களைத் தவிக்க விட்டு ராஜா ஓடக்கூடாது என்று துங்கு அவர்கள் வழியிலேயே தகப்பனாரின் காரை மறித்து, கூலிமுக்குத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். மேலே இருப்பவர் சொன்னதற்கு மாறாக ஒன்றைச் செய்துவிட்டு, அதன் பலாபலனுக்குத் தாமே நிற்கிற குணம் அவரிடம் அப்போதே இருந்தது.

யுத்தத்திற்குப் பிறகு அரசியல் தலைகீழாயிற்று. பிரிட்டிஷார் 1946-ல் கொண்டுவந்த மலாயன் யூனியனை எதிர்த்து டத்தோ ஓன் ஜாபார் அவர்கள் அம்னோவை ஸ்தாபித்தார்கள். அதன் பின்னர் ஓன் அவர்களுக்கு ஓர் எண்ணம் உண்டாயிற்று. அம்னோவின் கதவை எல்லா இனத்தாருக்கும் திறந்துவிட வேண்டும், ஒரே கட்சியாக நின்று சுதந்திரம் கேட்க வேண்டும் என்பது அந்த எண்ணம். கட்சியார் ஒப்பவில்லை. 1951-ல் அவர் வெளியேறி மலாயா சுதந்திரக் கட்சியை ஆரம்பித்தார்கள். அம்னோவின் தலைமைக்கு ஆள் தேடியபோது, வாலிபரான அப்துல் ரசாக் தமக்கு வேண்டாமென்று சொல்லி, லண்டனில் தாம் பழகியிருந்த துங்குவைக் கை காட்டினார். ஆகஸ்டு மாதம் 26-ந் தேதி துங்கு தலைவரானார். சர்க்கார் உத்தியோகத்தை விட்டார். கட்சிச் செலவுக்குப் பணம் இல்லாதபோது சொந்தச் சொத்தில் சிலவற்றை விற்றார்.

ஓன் அவர்களின் எண்ணம் மேலானதல்லவா, எல்லாரும் ஒரே கூரையின்கீழ் இருப்பதல்லவா நல்லது என்று கேட்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் 1951-ல் ஜனங்கள் இருந்த நிலையை யோசிக்க வேண்டும். யுத்தம் முடிந்து ஆறே வருஷம். காடுகளில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை. மலாய்க்காரரும் சீனரும் ஒருவரையொருவர் சந்தேகக் கண்ணோடு பார்த்த காலம். பேச்சில் எல்லாரும் ஒன்று என்று சொல்வது சுலபம். கடையைக் கூட்டாக நடத்துவது வேறு வேலை. துங்கு பிடித்த வழி, அவரவர் அவரவர் வீட்டிலேயே இருப்பது, பொது விவகாரத்துக்கு ஒரே மேஜையில் கூடுவது என்பதாகும்.

அந்த மேஜையைக்கூட முதலில் போட்டவர் துங்கு அல்லர். 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகரசபைத் தேர்தல் வந்தது. ஓன் அவர்களின் புதுக் கட்சியைத் தனியாக வெல்ல முடியாதென்று கண்ட கோலாலம்பூர் அம்னோக்காரர்கள், மலாயாச் சீனர் சங்கத்து எச்.எஸ்.லீ முதலானவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். மதரஸாவில் முளாறபா என்று ஓதுவோமே, ஒருவர் முதல் போட ஒருவர் உழைப்புப் போடுவது, ஏறக்குறைய அந்த மாதிரி. சீனர் சங்கத்திடம் பணம் இருந்தது. அம்னோவிடம் வீடு வீடாய்ப் போக ஆள் இருந்தது. 12 ஸ்தானங்களில் 9 அவர்களுக்குக் கிடைத்தது. இதைக் கண்ட துங்குவும், சீனர் சங்கத் தலைவர் டான் செங் லோக் அவர்களும் உள்ளூர் ஏற்பாட்டைத் தேச ஏற்பாடாக்கினார்கள். மற்றப் பட்டணங்களிலும் வெற்றி தொடர்ந்தது. முதலில் ஓன் அவர்களின் பக்கம் நின்ற மலாயா இந்தியர் காங்கிரசும் 1954-ல் கூட்டணியில் சேர்ந்தது.

அந்த வருஷத்தில்தான் தேசத் தேர்தல் பற்றிய வழக்கு முற்றிற்று. சட்டசபையில் மொத்தம் 98 ஸ்தானங்கள். அவற்றில் 52-க்கு மாத்திரமே தேர்தல், மீதி 46-ம் நியமனம் முதலிய வகையில் என்று பிரிட்டிஷார் முடிவு செய்தார்கள். நேயர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 98-ல் பெரும்பான்மைக்கு 50 வேண்டும். 52-ல் மூன்று தோற்றாலே தேர்தலில் வென்ற கட்சிக்குச் சபையில் பெரும்பான்மை இராது. ஆகவே ஐந்தில் மூன்று பங்கு ஸ்தானங்களுக்குத் தேர்தல் வேண்டுமென்று கேட்கத் துங்கு லண்டன் சென்றார். குடியேற்ற நாட்டு மந்திரி லிட்டில்டன் இணங்கவில்லை. திரும்பி வந்து, கூட்டணியைச் சேர்ந்த அங்கத்தினர்கள் எல்லாச் சபைகளையும் விட்டு விலகும்படி செய்தார்கள். பிறகு ஜூலை மாதத்தில் ஹைகமிஷனர் மெக்கில்லிவ்ரே துரை அலர்ட் என்ற கடற்படைக் கப்பலில் இருந்தபோது துங்கு அங்கே போய்ப் பேசினார். நியமன ஸ்தானங்களில் ஐந்தை, வென்ற கட்சியின் தலைவரைக் கலந்துகொண்டே நிரப்புவதென்று ராஜி ஏற்பட்டது. அறுபது கேட்டவருக்கு ஐந்து கிடைத்தது. ஆனாலும் அந்த ஐந்து எவ்வளவு பெறுமதியானது என்பதை அறிந்துதான் வாங்கிக்கொண்டார்கள்.

இனி நாம் சொல்ல வந்த காரியம்.

1955-ல் வோட்டர் ஜாபிதாவில் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர். 11 பேர் சீனர். இந்தியர் 5 பேர்கூட இல்லை. நாட்டு ஜனத்தொகையில் மலாய்க்காரர் ஏறக்குறைய பாதிதான். ஆனால் பிரஜா உரிமை இருந்தவர்க்கே வோட்டு என்பதால் ஜாபிதா இப்படி ஆயிற்று. நம் பாட்டனார் அப்போது பினாங்கில் கடை வைத்திருந்தார்கள். இந்நாட்டில் வரி கட்டினார்கள், லைசென்ஸ் எடுத்தார்கள், வோட்டு மட்டும் இல்லை. அவர்களைப் போல எத்தனையோ பேர் தேர்தல் ஊர்வலத்தைக் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள்தாம்.

52 தொகுதிகளில் 50-ல் மலாய் வோட்டர்களே பெரும்பான்மை. அம்னோ தனியாக நின்றாலே வென்றிருக்கும் என்று எவரும் நினைக்கக்கூடிய நிலை. ஆகவே அபேட்சகர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மலாய்க்காரராகவே இருக்க வேண்டுமென்று அம்னோவுக்குள் குரல் எழும்பியது. அப்படிக் கேட்டவர்களைக் கெட்டவர்கள் என்று நாம் சொல்லமாட்டோம். கையில் இருக்கும் வோட்டுக்குத் தக்கபடி பங்கு கேட்பது கணக்கு முறைதானே. துங்கு இதற்கு இணங்கவில்லை. முடிவில் கூட்டணி 52 ஸ்தானங்களிலும் நிறுத்திய அபேட்சகர்களில் மலாய்க்காரர் 35, சீனர் 15, இந்தியர் 2.

வோட்டுக் கணக்குப்படி பார்த்தால் சீனருக்கு ஆறு ஸ்தானம்கூட வராது. பதினைந்து கொடுக்கப்பட்டது. கொடுத்தது காகிதத்தில் மாத்திரமல்ல. மலாய் வோட்டர்கள் நிறைந்த தொகுதியில் ஒரு சீனரை நிறுத்தி, இவருக்குப் போடுங்கள் என்று கம்பம் கம்பமாகப் போய்க் கேட்க வேண்டும். எதிரே நின்றவர் யார்? எல்லா இனத்தாருக்கும் கதவைத் திற என்று சொல்லி அம்னோவை விட்டுப் போன அதே ஓன் ஜாபார் அவர்கள்தாம். அவருடைய முதற் கட்சி தேயவே நெகாரா கட்சி என்று இன்னொன்று ஆரம்பித்து, இப்போது மலாய்க்காரரின் நலத்தை முன்வைத்து வோட்டுக் கேட்டார்கள். துங்கு நாட்டைப் பிறருக்கு விற்கிறார் என்ற பிரசாரம் ஊரெங்கும் நடந்தது. அரசியலில் மனிதர்கள் இடம் மாறி நிற்கும் வேடிக்கையை இதைவிடத் தெளிவாக நாம் வேறெங்கும் கண்டதில்லை.

நான்கு வருஷத்தில் சுதந்திரம் என்பது கூட்டணியின் வாக்குறுதி. பாய்மரக் கப்பல் அதன் சின்னம். துங்கு கெடாவில் சுங்கை மூடா தொகுதியில் நின்றார்கள். ஜூலை மாதம் 27-ந் தேதி வோட்டுப் பதிவு. பதிவு செய்திருந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் வந்து போட்டார்கள். போட்ட வோட்டிலும் பத்துக்கு எட்டுக் கூட்டணிக்கே. 52-ல் 51 ஸ்தானம். தோற்ற ஒன்று பேராக்கில் கிரியான் தொகுதி. அது இஸ்லாமியக் கட்சிக்குப் போயிற்று. ஓன் அவர்கள் தமது ஜொகூர் பாருவிலேயே தோற்றார்கள். நிறுத்திய சீனர் பதினைவரும் இந்தியர் இருவரும் ஜெயித்தார்கள். மலாய்க் கிராமவாசிகள் துங்குவின் சொல்லுக்காகத் தம் இனத்தவரல்லாதவருக்கு வோட்டுப் போட்ட அந்த ஒரு நாளைத்தான் இந்நாட்டின் சரித்திரத்தில் நாம் எல்லா நாளிலும் பெரிதாக எண்ணுகிறோம். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆகஸ்டு மாதத்தில் மந்திரி சபை அமைந்தது. துங்கு முதல் மந்திரி. மொத்தம் பத்துப் பேரில் மலாய்க்காரர் ஆறு, சீனர் மூன்று, இந்தியர் ஒருவர். ரசாக்குக்குக் கல்வி, டாக்டர் இஸ்மாயிலுக்கு இயற்கை வளம், எச்.எஸ்.லீக்குப் போக்குவரத்து. கிந்தா வட்டாரத்தில் வென்ற வீ.தி. சம்பந்தன் அவர்களுக்குத் தொழில் இலாகா. தோட்டத்துத் தமிழர்களின் விவகாரமெல்லாம் போய்ச் சேருகிற இலாகா அது. நிதியும் பாதுகாப்பும் இன்னும் பிரிட்டிஷார் கையிலேயே இருந்தன. பெட்டிச் சாவியைத் தாம் வைத்துக்கொண்டு கடையை ஒப்படைத்த கதைதான்.

அந்தச் சாவியை வாங்க அதிக நாள் ஆகவில்லை. டிசம்பர் கடைசியில் பாலிங்கில் கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்கைச் சந்தித்துப் பேசியது பலிக்காமல் போயிற்று. ஆனால் 1956 ஜனவரியில் லண்டன் யாத்திரை பலித்தது. இந்த யாத்திரையில் ஒரு நுட்பம் உண்டு. கூட்டணியார் நால்வர், சுல்தான்களின் பிரதிநிதிகள் நால்வர். இரு சாராருக்கும் மனத்தாங்கல் இருந்தது. நேரே விமானத்தில் போகாமல் கராச்சி வரையில் கப்பலில் போனார்கள். கடலில் வேறு வேலை கிடையாதல்லவா? பேசிப் பேசி ஒரே குரலாகி, அங்கிருந்து விமானம் ஏறினார்கள். பிப்ரவரி 8-ந் தேதி, துங்குவின் 53-வது பிறந்த தினத்தில், சுதந்திர உடன்பாடு கையெழுத்தாயிற்று. நான்கு வருஷம் என்று சொன்னது இரண்டு வருஷத்தில் முடிந்தது. இங்கே மூன்று இனத்தவரும் ஒன்றாக நிற்கவில்லை என்பதே பிரிட்டிஷார் அதுவரையில் சொல்லிவந்த சாக்கு. 51 ஸ்தானங்கள் அதற்கு இடம் வைக்கவில்லை.

கூட்டின் பலன் நம்மவருக்கு என்ன என்று கேட்டால், 1957-ம் வருஷத்து அரசியல் சட்டத்தைப் பார்க்க வேண்டும். மலாய்க்காரரின் விசேஷ ஸ்தானத்தையும் மலாய் மொழி தேசிய மொழி என்பதையும் கூட்டாளிகள் ஏற்றார்கள். சுதந்திரத்திற்குப் பின் இம்மண்ணில் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பிரஜா உரிமை என்பதை அம்னோ ஏற்றது. முன்பே குடியிருந்தவர்கள் பதிவு செய்துகொள்ளவும் வழி திறந்தது. கடை வாசலில் நின்று ஊர்வலம் பார்த்தவர்கள் வரிசையில் நின்று வோட்டுப் போட்டது இதனால்தான். நம் பாட்டனாரும் அவர்களில் ஒருவர்.

பிந்திய காலமெல்லாம் இப்படியே இனிமையாக இருந்ததென்று சொன்னால் அது பொய். 1959 தேர்தலில் கூட்டுக்கு முதற் சோதனை வந்தது. கட்சியைக் கவனிப்பதற்காகத் துங்கு சில மாதம் பிரதம மந்திரி பதவியையே ரசாக்கிடம் விட்டிருந்த வருஷம் அது. ஸ்தானங்கள் 104 ஆகியிருந்தன. சீன வோட்டர்கள் பெருகியிருந்தார்கள். சீனர் சங்கத்தின் புதிய தலைவர் டாக்டர் லிம் சோங் இயூ 40 ஸ்தானம் வரை கேட்டார். துங்கு 31-க்கு மேல் இல்லை என்றார். வேண்டாவிட்டால் தனியே நிற்கத் தயார் என்றும் தெரிவித்துவிட்டார். சீனர் சங்கம் பிளந்தது; லிம் பிறகு விலகினார். அம்னோ 69, சீனர் சங்கம் 31, இந்தியர் காங்கிரஸ் 4 என்று நின்று, 74 ஜெயித்தார்கள்; கிளந்தானும் திரங்கானுவும் இஸ்லாமியக் கட்சிக்குப் போயின. 1955-ல் அள்ளிக் கொடுத்த கை 1959-ல் ஏன் இறுகிற்று என்று கேட்கலாம். முதல் தடவை கொடுத்தது மனம் வந்து கொடுத்தது. இரண்டாம் தடவை கேட்டது பத்திரிகையில் வெளியிட்டுக் கேட்டது. கூட்டு வியாபாரம் செய்தவர்களுக்கு இந்த வித்தியாசம் விளங்கும். ஆனால் கேட்டவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

1963-ல் மலேசியா உதயம், 1965-ல் சிங்கப்பூர் பிரிவு, இவையெல்லாம் எல்லாரும் அறிந்தவை. அந்த 1965-ம் வருஷம் ஆகஸ்டில் தேசியப் பள்ளிவாசல் திறக்கப்பட்டபோது அதற்குத் தம் பெயரை வைக்க வேண்டாமென்று துங்கு மறுத்துவிட்டதை மட்டும் இங்கே குறிக்கிறோம்.

1969 மே மாதம் 10-ந் தேதி தேர்தலில் கூட்டணியின் பலம் தீபகற்பத்தில் 89-லிருந்து 66-க்கு இறங்கிற்று. 33 இடங்களில் நின்ற சீனர் சங்கத்திற்கு 13 கிடைத்தது. மந்திரி சபையில் சேரமாட்டோம் என்று அச்சங்கம் அறிவித்தது. 13-ந் தேதி கோலாலம்பூரில் நடந்ததை நாம் விவரிக்கப் போவதில்லை. அதை எழுதக் கை வரவில்லை. துங்கு கட்டிய வீடு அவர் கண்ணெதிரே எரிந்தது. அவர் மலாய்க்காரரை மறந்து பிறருக்கு விட்டுக் கொடுத்துவிட்டார் என்று ஒரு சாராரும், போதிய அளவு கொடுக்கவில்லை என்று இன்னொரு சாராரும் பழி சொன்னார்கள். இரண்டு பழியும் ஒரே மனிதர் மேல் விழுந்தது. 1970 செப்டம்பர் 22-ந் தேதி பதவியிலிருந்து விலகினார்கள். ரசாக் அவர்கள் கூட்டை விரிவாக்கி, எதிர்க்கட்சிகள் பலவற்றையும் உள்ளே கொண்டுவந்து, 1974 தேர்தலைத் தேசிய முன்னணியாகச் சந்தித்தார்கள். 1959-ல் கோபித்துக்கொண்டு போன லிம் சோங் இயூவும் அப்போது அதே கூரையின்கீழ் இருந்தார், வேறு கட்சியின் பெயரால்.

துங்கு அவர்கள் ஜித்தா சென்று இஸ்லாமிய நாடுகளின் மாநாட்டு ஸ்தாபனத்திற்கு முதலாவது பொதுக் காரியதரிசியாகச் சேவை செய்தார்கள். தாம் 1960-ல் ஆரம்பித்த பெர்கிம் ஸ்தாபனத்தைக் கவனித்தார்கள். திரும்பி வந்து பினாங்கில் இருந்துகொண்டு ஸ்டார் பத்திரிகையில் வாரந்தோறும் எழுதினார்கள். ஆளுகிறவர்கள் தம் பழைய கட்சிக்காரர்களாயிற்றே என்று பேனாவை அடக்கவில்லை. 1987-ல் அந்தப் பத்திரிகையின் லைசென்ஸ் சில மாதம் பறிக்கப்பட்டது.

1990 அக்டோபரில் பொதுத் தேர்தல் வந்தது. அம்னோ பிளந்து துங்கு ரசாலி தலைமையில் செமாங்கட் 46 என்ற கட்சி உண்டாகியிருந்த சமயம். அதுவும் பல இனத்தாரின் கட்சிகளோடு கூட்டுச் சேர்ந்தே நின்றது. எண்பத்தேழு வயதுப் பெரியவர் அந்தப் பக்கத்திற்குத் தம் ஆதரவைத் தெரிவித்தார்கள். அந்தப் பக்கம் தோற்றது. ஏழு வாரங்கூட ஆகவில்லை, டிசம்பர் மாதம் 6-ந் தேதி கோலாலம்பூரில் துங்கு அவர்கள் காலமானார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸா அலோர் ஸ்டாருக்குக் கொண்டு செல்லப்பட்டு, லங்காரில் கெடா அரச குடும்பத்தினரின் மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டது.